ஆறாவது வசனம்

2019 மார்ச் 1, வெள்ளி, காலை 8.52

ஆராதனைக்கு வந்தவர்கள் 83. பெரியவர்கள் 71, பிள்ளைகள் 12. 7.30-க்குத் தொடங்கவேண்டியது, 7.34-க்குத் தொடங்கியது. 8.45-க்கு முடிக்கவேண்டியது, இப்போதுதான் முடிந்தது. வாசலில் தெலுங்குச் சபைக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

இந்த வளைகுடா ஊரில் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரே வளாகம், இரண்டே ஹால். ஒன்பது மொழிக்காரர்கள் வெள்ளிக்கிழமையைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். கூட்டம் பெருகிவிட்டதால் 15-ஆம் தேதியிலிருந்து ஒவ்வொரு சபைக்கும் 60 நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தமிழ்ச் சபைக்கு 15 நிமிடம் போச்சு.

அருள்மணி அண்ணாச்சி சபைச் செயலாளர். துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் தலைநகரிலிருந்து வருவார் என்பதால் மற்ற வாரமெல்லாம் அண்ணாச்சிதான் நடத்துவார். முடிந்ததும் நான் மைக், ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் மிக்ஸர் மேசைக்கு வந்தார்.

"ஏ ஆசீரு, நீ இன்ஜினியர்லா. எழுவத்தஞ்ச அறுவதாக்கிக் குடு."

"எதை வேணும்னாலும் வெட்டலாமா?"

"ஆட்டை வெட்டுத மாதிரில்லா கேக்கான். பாத்துச் செய்யிடே."

இரண்டு வருடம் முன்னால் மைக் கீச்சென்று கத்தியபோது பொறுக்கமாட்டாமல் எழுந்துபோய் ஒரு குமிழைத் திருகினேன். அன்று உட்கார்ந்த நாற்காலி. இன்றுவரை எழுந்திருக்க விடவில்லை.

மேடைக்குப் பின்னால் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலத்துக்கான பேனர் கட்டியிருக்கிறார்கள். "நிலைத்திருக்கும் சந்தோஷம்". பிரிண்ட் போட்டு வாங்கி வந்ததே நான்தான். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் எனக்கு மீட்டர்களைச் சரிபார்க்கிற வேலை. ஆறு மாதம் சும்மா விட்டால் எந்த மீட்டரும் உண்மையை விட்டு விலகிவிடும். நிலைத்திருக்கும் என்று யார் சொன்னாலும், எவ்வளவு நாளைக்கு என்று கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 2, சனி

இரவு 7.15-க்குப் பியூலாவுக்குப் போன். அங்கே எங்கள் ஊர் நாசரேத்தில் 8.45. கல்யாணமான நாளிலிருந்து குடும்ப ஜெபம் இந்த நேரம்தான். பைபிளிலிருந்து நாளொன்றுக்கு ஒரு சங்கீதம், வரிசையாக. கோயிலில் பாதிரி ஐயர் ஒரு வசனம் சபை ஒரு வசனம் என்று மாற்றி மாற்றி வாசிப்பதுபோல, ஒற்றைப்படை வசனம் அவள், இரட்டைப்படை வசனம் நான். ஸ்பீக்கரில் போட்டுத்தான் வாசிப்போம். அறைக்காரன் மாடசாமிக்குப் பழகிவிட்டது.

ஜனவரி முதல் நான் வாசிப்பதில்லை.

ஜனவரி 9 அன்று குழந்தை பிறந்தது. ஏழாம் மாதம். பெண். மூச்சில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு நாள் லீவு. இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றினேன். மாடித் தொட்டியில் மிதவை வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது, அதை மாற்றினேன். மோட்டார் சத்தம் போட்டது, பேரிங் போட்டேன். வீட்டில் உடைந்தது என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல்தான் விமானம் ஏறினேன்.

அந்த மாதக் கடைசியில் 13-ஆம் சங்கீதம் வந்தது. மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டு வசனமும் எவ்வளவு நாளைக்கு, எவ்வளவு நாளைக்கு என்கிற புலம்பல், அடுத்த இரண்டும் கெஞ்சல். ஐந்தாவதில் சங்கீதக்காரர் நம்பியிருக்கிறேன் என்கிறார். ஆறாவதில் பாடுவேன் என்கிறார். நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு காரணம் வேண்டாமா? எனக்கு அது வாயில் வராது. நீயே வாசி, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரிங்க என்றாள்.

இன்றைக்கும் அதே 13. நூற்றைம்பது சங்கீதம் இருக்கிறது. இவள் பதின்மூன்றிலேயே நிற்கிறாள்.

"குவார்ட்டர்ஸ் விஷயம் என்ன சொல்ற?" என்றேன். கம்பெனி எனக்குக் குடும்பத்தோடு தங்க இரண்டு அறை வீடு ஒதுக்கியிருக்கிறது. ஏப்ரல் 15-க்குள் வருகிறோம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போகும். மறுபடி நம் முறை வர இரண்டு வருடம்.

"இது முடியட்டும்ங்க. பாப்போம்."

"எது முடியட்டும்?"

"வைக்கட்டுமா?" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 5

லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மறுபடி 13.

மார்ச் 8, வெள்ளி

ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். பாட்டு 24 நிமிடம். பிரசங்கம் 19. அறிவிப்பு 11. ஜெபம் 8. வேத வாசிப்பு 7. சங்கீதம் மாற்றி வாசிப்பது 6.

பிரசங்கத்தில் கை வைக்க முடியாது. ஜெபத்தில் கை வைத்தால் பாவம். அறிவிப்பில்தான் வெட்ட வேண்டும். ஆனால் அறிவிப்பு அருள்மணி அண்ணாச்சியின் ராஜ்யம். பிறந்தநாள், கல்யாண நாள், யார் ஊருக்குப் போனார், யார் வந்தார், யாருடைய செருப்பு மாறிப்போனது எல்லாம் உண்டு. அதைத் தொட்டால் மனுஷன் முகம் தொங்கிவிடும்.

மிச்சம் பாட்டும் சங்கீதமும். பாட்டில் இரண்டு சரணம் போதும், 14 நிமிடம். சங்கீதத்தில்தான் பெரிய சேதாரம். சபை ஒரே வேகத்தில் வாசிப்பதில்லை. முன்வரிசை முடித்தபிறகு பின்வரிசை வந்து சேரும். அது ஓய்ந்தபிறகுதான் நடத்துகிறவர் அடுத்ததைத் தொடங்குவார். ஒருவரே மைக்கில் வாசித்தால், அதுவும் சின்னச் சங்கீதமாக எடுத்தால், ஒரு நிமிடம்.

10-உம் 5-உம் 15. கணக்கு முடிந்தது.

மார்ச் 11, திங்கள்

அண்ணாச்சி அறையில் கமிட்டி. ஆறு பேர். கட்டிலில் நாலு, கவிழ்த்த வாளியில் ஒருவர், நான் கதவில் சாய்ந்து. கணக்கைச் சொன்னேன். பாட்டை எடுத்துக் கொடுக்கிற ஸ்டெல்லா அக்காதான் பிடித்துக்கொண்டார். நர்ஸ். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார்.

"சங்கீதத்துல எங்க வசனத்தை யாரு வாசிப்பா?"

"ஒருத்தரே எல்லாத்தையும் வாசிச்சிருவார்க்கா."

"அப்ப நாங்க?"

"கேப்பீங்க."

"வார்டுல பன்னெண்டு மணிநேரம் கேட்டுட்டுத்தான் வாரேன் தம்பி. இங்கயும் கேக்கவா?"

"பதினஞ்சு நிமிஷம் எங்கேர்ந்து எடுக்க? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார். நிறைவேறியது.

ஆறு வசனத்துக்கு மேல் போகக்கூடாது என்றேன். அண்ணாச்சி லெந்துக்குப் பொருத்தமாக நாலு பொறுக்கினார். 70, 43, 123, 13. கடைசியை மட்டும் மாற்றுங்கள் என்றேன். ஏன் என்றார். காரணம் சொல்லவில்லை. அவர் மாற்றவில்லை.

மார்ச் 15, வெள்ளி

58 நிமிடம். தெலுங்குச் சபைக்காரர்கள் வந்தபோது ஹால் காலி. அவர்களில் ஒருவர் எனக்குக் கைகொடுத்தார்.

எங்கள் ஆட்கள் கார் நிறுத்துமிடத்தில் கொஞ்சநேரம் நின்றார்கள், சாப்பாட்டை முடித்துவிட்டு இலையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப்போல. வெயில் ஏறியதும் கலைந்தார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

நெட் சரியில்லை. பியூலா வாசிக்கும்போது நடுநடுவே சத்தம் நின்றுவிடுகிறது. இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். இங்கிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறான். அப்படியென்றால் இங்கே வந்து பார் என்றேன்.

மாடசாமி பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சங்கரன்கோவில்காரன். எங்கள் ஆலையிலேயே எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர்.

"ஒரே வைஃபைதான. என் பொண்டாட்டி ஏசும்போது ஒரு செகண்டு கூட நிக்கலையேடே. நின்னா நல்லாருக்கும்."

"உன் போன் வேற."

"என் பொண்டாட்டி வேறன்னு சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மார்ச் 22, வெள்ளி

57 நிமிடம். வந்தவர்கள் 76.

முடித்துவிட்டு ஒயரைச் சுற்றி வைத்து வெளியே வந்தால், தொழிலாளர் குடியிருப்பு பஸ் இன்னும் கிளம்பவில்லை. அந்த பஸ்ஸில்தான் சபையில் பாதிப்பேர் வருகிறார்கள். ஃபிட்டர், வெல்டர், பெயிண்டர் எல்லோரும். கண்ணாடியெல்லாம் மூடியிருக்கிறது, உள்ளே சத்தம். ஒரு பக்கம் கத்துகிறது, நிறுத்துகிறது. மறுபக்கம் பதிலுக்குக் கத்துகிறது. சீட்டுக்குச் சண்டை என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, பஸ்ஸுல ஏதோ தகராறு."

"தகராறுலாம் இல்லடே. நீ வெட்டுன சங்கீதம் அங்க ஓடுது."

இடதுவரிசை ஒற்றைப்படையாம், வலதுவரிசை இரட்டைப்படையாம். போன வாரமே தொடங்கிவிட்டார்களாம். ஒன்றோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று சங்கீதம் போகுமாம். அதன்பிறகு வெட்டிய சரணங்களையும் பாடுகிறார்களாம்.

ஹாலில் நான் பதினைந்து நிமிடம் மிச்சம் பிடித்தால், அதை பஸ்ஸில் உட்கார்ந்து இருபது நிமிடமாகச் செலவு செய்கிறார்கள். இவர்களுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது?

மார்ச் 24, ஞாயிறு

நெட் கோளாறை அளந்தேன். பியூலா வாசிக்கும்போது சத்தம் மூன்று இடத்தில் நிற்கிறது. முதல் இடைவெளி நீளம். இரண்டாவது கொஞ்சம் சின்னது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் சின்னது. மூன்றாவது முடிந்ததும் "வைக்கட்டுமா?" என்கிறாள். நேற்றும் இதே மூன்று இடம், இதே வரிசை.

கோளாறு என்றால் ஒழுங்கில்லாமல் வரவேண்டும். இத்தனை ஒழுங்காக வருகிற கோளாறை நான் எந்தக் கருவியிலும் பார்த்ததில்லை. ரவுட்டரை மாற்றப்போகிறேன்.

மார்ச் 26

புது ரவுட்டர் போட்டாயிற்று. அதே மூன்று இடம். சொந்தக் காசு.

மார்ச் 29, வெள்ளி

57 நிமிடம். 69 பேர். ஸ்டெல்லா அக்கா பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்றாம் சரணத்துக்கு வாயைத் திறந்தார். நான் பாட்டு வரிகளைப் போடும் திரையில் இரண்டோடு நின்றுவிட்டது. மூடிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம்.

பியூலாவிடம் குவார்ட்டர்ஸ் பற்றி மறுபடி கேட்டேன். "இன்னும் முடியலைங்க" என்றாள். என்ன முடியலை என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். வர இஷ்டம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லட்டும். என்மேல் கோபமென்றால் கோபம் என்று சொல்லட்டும். நானாகக் கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் என்ன ஜோசியக்காரனா?

ஏப்ரல் 5, வெள்ளி

நேற்று காரை சர்வீஸுக்கு விட்டேன். இன்று குடியிருப்பு பஸ்ஸில்தான் திரும்பவேண்டியதாயிற்று.

ஆராதனையில் இன்று 13-ஆம் சங்கீதம். சொன்னேன், கேட்கவில்லை. அண்ணாச்சியே மைக்கில் வாசித்தார். ஒரே ஆள், ஒரே மூச்சு, எவ்வளவு நாளைக்கு என்று தொடங்கிப் பாடுவேன் என்று முடித்தார். ஐம்பது நொடி. மனுஷன் புலம்பலையும் பாட்டையும் செருப்பு மாறிப்போன அறிவிப்பைப் போலவே வாசித்தார். எனக்கு எழுந்து கத்தவேண்டும்போல இருந்தது. நானே போட்ட திட்டம்.

பஸ்ஸில் எனக்கு வலதுவரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பாக்கியநாதன் அண்ணன். பைப் ஃபிட்டர், சாத்தான்குளம் பக்கம். ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. போன வருடம் அவருடைய அப்பாவின் அடக்கத்தைப் போனில் பார்த்தார் என்று அறிவிப்பில் கேட்டிருக்கிறேன். கதவு மூடியதும் இடதுவரிசையில் ஒருத்தன் சங்கீதம் பதின்மூன்று என்றான். எல்லோரும் போனைத் திறந்தார்கள்.

இடதுவரிசை ஒன்றை வாசித்தது. சேர்ந்து வாசிக்கவில்லை, வாசித்தது என்று சொல்வதே தப்பு. ஒருத்தன் முன்னால் ஓடுகிறான், ஒருத்தன் இழுக்கிறான், கடைசி சீட்டில் ஒருத்தன் வேறு ஏதோ ராகத்தில். முடிந்தது.

அண்ணன் முழங்கையால் இடித்தார். "நம்ம பக்கம்டே."

இரண்டை வாசித்தேன். அவர்கள் மூன்று. நாங்கள் நாலு. என் குரல் எனக்கே கேட்கவில்லை, அது சௌகரியமாக இருந்தது. அவர்கள் ஐந்து.

ஆறுக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

வலதுவரிசை வாசித்தது. நான் வாசிக்காததால் ஒன்றும் குறையவில்லை. இருபது ஆண்கள், வேலைநாள் பூட்ஸ் நாற்றம், பாடுவேன் என்றார்கள். அண்ணன்தான் எல்லோரிலும் சத்தம், எல்லோரிலும் பிந்தி. முடித்த கையோடு, "இன்னைக்கு மெஸ்ஸுல கோழியா, மீனா?" என்று முன்சீட்டில் விசாரித்தார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அண்ணே, ஒண்ணு கேக்கேன். அந்தக் கடைசி வசனம் சொன்னீங்களே, நெசமாவே உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?"

"எனக்கா? இன்னைக்கு இல்ல."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"எதுத்த வரிசைக்காரனுக்குடே. அவன் அஞ்சாவது வசனத்தையும் சொல்லிட்டு நம்மளப் பாத்துட்டு இருக்கான்லா. அப்பா செத்த சமயம் ஹால்ல நான் கேட்டுட்டு மட்டுந்தான் நின்னேன். இவனுவதான் சொன்னானுவ."

"எனக்கு அது வாயில வரல."

"வராட்டா மூடிட்டு இரு. அதுக்குத்தான இத்தன பேரு இருக்கோம்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஆனா வீட்டுல வாசிக்கும்போது மூடிராத. அங்க வேற ஆளு கெடையாது" என்று சிரித்தார்.

அவர் அதைச் சும்மா சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பஸ் வட்டச்சாலையில் திரும்பும்போது எனக்கு அந்த மூன்று இடைவெளியும் ஞாபகம் வந்தது. நீளம், கொஞ்சம் சின்னது, எல்லாவற்றிலும் சின்னது. போனைத் திறந்து இரண்டாம் வசனத்தைப் பார்த்தேன். நீளம். நாலாம் வசனம். கொஞ்சம் சின்னது. ஆறாம் வசனம் ஒரே வரி.

நெட்டுக்கு ஒன்றுமில்லை. அவள் ஒன்று வாசித்துவிட்டு நிறுத்துகிறாள். மூன்று வாசித்துவிட்டு நிறுத்துகிறாள். ஐந்து வாசித்துவிட்டு நிறுத்துகிறாள். நான் வாசிக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, வைக்கட்டுமா என்கிறாள். ஜனவரியிலிருந்து. அவள் பதின்மூன்றை விட்டு நகரவில்லையென்றால், பதின்மூன்று அவளுக்கு இன்னும் முடியவில்லை. ஆறாவது வசனம் என்னுடையது. அதை அவள் தொடமாட்டாள்.

மடையன். ரவுட்டர் மாற்றியிருக்கிறேன்.

அதே நாள், இரவு 8.10

போன் போட்டேன். அவள் ஒன்றை வாசித்து நிறுத்தினாள். நான் இரண்டை வாசித்தேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பியூலா, பியூலா என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

எட்டு மணிக்கு ஒரு மெசேஜ். "ஒண்ணும் இல்லைங்க. அவசரப்படாதீங்க."

நானா அவசரப்படுகிறேன்? இரண்டு மாதத்தில் அவளோடு ஒரே ஒரு வசனம் வாசித்திருக்கிறேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மூன்று நாளாக மெசேஜ் மட்டும். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். சளி எப்படி. பரவாயில்லை. போனை எடுப்பதில்லை.

ஆலையில் கடல்தண்ணீர் உறிஞ்சும் குழாயில் ஒரு பிரஷர் மீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆலை நிற்கவில்லை. முக்கியமான குழாயில் ஒரு மீட்டரை நம்பி நாங்கள் எதுவும் செய்வதில்லை. மூன்று வைப்போம். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் சொல்வதை எடுத்துக்கொண்டு ஓட்டம் நடக்கும். கெட்டதைக் கழற்றிச் சரிசெய்து, மறுபடி அதே இடத்தில் மாட்டுவோம். எந்த மீட்டரும் தனியாக நிலைக்காது. இதை ஆறு வருடமாகப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

பேனரில் இருப்பது இதுதான் என்றால் அதை இப்படி எழுதித் தொலைத்திருக்கலாமே.

ஏப்ரல் 11, வியாழன்

7.15-க்கு அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, வாசிப்போமா?"

"நான் ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வாசிப்பேன். நாலு வாசிப்பேன். ஆறு எனக்கு வரலை. பொய் சொல்ல வரலை. நீ அதுக்குத்தான் காத்துட்டு இருக்கன்னு தெரியும். இப்பத்தான் தெரியும். ஆனாலும் வரலை."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். நெட் நன்றாகத்தான் இருந்தது.

"எனக்கு மட்டும் அஞ்சு வருதுன்னு நெனச்சீங்களா?"

"அப்புறம் எப்படி வாசிக்கிற?"

"வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துல பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து வாசிப்போம்லா. அங்க சொல்லிச் சொல்லி வந்துட்டு. மொதல்ல எனக்கும் வரலை. பக்கத்துல அவங்க சொல்லுவாங்க. நான் சும்மா நிப்பேன். ஒரு நாள் பாத்தா நானும் சொல்லிட்டு இருக்கேன். சந்தோஷம்னு சொல்லமாட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து ஒலை வைக்க முடிஞ்சுது."

"இங்க பஸ்ஸுல அப்படித்தான்" என்றேன். வேறென்ன சொல்வது?

"நீங்க பஸ்ஸுலயா போறீங்க? காரு?"

"சர்வீஸ்."

"சரி. அப்ப பக்கம் மாறி உக்காருவோம். ஒண்ணு மூணு அஞ்சு நீங்க வாசிங்க. ரெண்டு நாலு ஆறு நான் வாசிக்கேன்."

சரி என்றேன். முதல் வசனத்தைத் தொடங்கினேன். எவ்வளவு நாளைக்கு என்கிற இடத்தில் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினேன். அதே இடம். அந்த வசனத்தை இரண்டு மாதமாகத் தினமும் காதால் கேட்டிருக்கிறேன், என் வாயால் கேட்டதில்லை. மாடசாமி எழுந்து டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனான். டீத்தூள், பால், கெட்டில் எல்லாம் அறைக்குள்தான் இருக்கிறது.

பியூலா அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு இடைவெளி பழக்கம்.

எப்படியோ ஒன்று முடிந்தது. அவள் இரண்டு வாசித்தாள். நான் மூன்று. அவள் நாலு. நான் ஐந்தைச் சும்மா எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன், நம்பி வாசித்ததாக எழுதமாட்டேன். அவள் ஆறு வாசித்தாள். ஒரே வரிதான். குரல் உடைந்துபோயிருந்தது, ஸ்டெல்லா அக்கா கேட்டால் சுருதி சரியில்லை என்பார். ஆனால் எனக்காகச் சொன்னாள். எனக்குப் பதிலாக, எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு.

"முடிஞ்சிட்டு" என்றாள்.

"முடிஞ்சிட்டு" என்றேன்.

"நாளைக்குப் பதினாலு."

மாடசாமி அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். கடை மூடியிருந்ததாம்.

ஏப்ரல் 12, வெள்ளி, காலை 8.40

நேற்றே அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிக்க வைப்போம், அறிவிப்பு நாலு நிமிடம்தான், மீதியைத் திரையில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் அதைத்தான் வெட்டியிருக்கவேண்டும், உங்களுக்குப் பயந்து வெட்டவில்லை என்றும் சொன்னேன்.

"என் வாயைக் கட்டிப்புட்டியேடே."

"எம்பது பேரு வாயைக் கட்டினேனே, அப்ப பேசாம இருந்தீங்கள்ல."

இன்று 74 பேர். சங்கீதம் வந்தபோது அண்ணாச்சியின் மைக்கை அடியோடு குறைத்துவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு வெறும் குரலில் வாசித்தார். சபை பதில் சொன்னது. அதே பழைய சேதாரம். முன்வரிசை முடித்தபிறகு பின்வரிசை வந்து சேர்ந்தது. நானும் மிக்ஸர் மேசையிலிருந்தே வாசித்தேன். கூட்டத்தில் என் குரல் எங்கே முடிகிறது, பக்கத்து ஆள் குரல் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிரித்துப் பார்த்தேன். இது என் தொழில். முடியவில்லை.

சந்தோஷமா என்றால், தெரியவில்லை. அளக்கிற கருவி என்னிடம் இல்லை. ஸ்டெல்லா அக்கா வேண்டுமென்றே மூன்றாம் சரணத்தைத் தொடங்கினார். என் திரையில் இல்லை. எல்லோரும் மனப்பாடமாகப் பாடினார்கள். ஏறக்குறைய சிரித்துவிட்டேன்.

63 நிமிடம். மூன்று நிமிடம் அதிகம். வாசலில் தெலுங்குச் சபைக்காரர்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு அம்மா தோளில் கிடந்த குழந்தையை எங்கள் பாட்டின் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றினேன். பிறகு பார்த்தேன்.

இனிச் செய்யவேண்டியவை:

1. மூன்று நிமிடம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். அறிவிப்பு நாலுக்குப் பதில் ஆறரை போனது. அண்ணாச்சியோடு இன்னொரு சண்டை பாக்கி.

2. எல்லாப் பாட்டுக்கும் எல்லாச் சரணத்தையும் திரையில் ஏற்றவேண்டும்.

3. இணைப்புக் கம்பெனிக்காரனிடம், கோளாறு அவன் பக்கம் இல்லை என்று சொல்லவேண்டும்.

4. கார் வந்தாலும் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே திரும்பவேண்டும். வலதுவரிசை.

5. குவார்ட்டர்ஸ்: திங்கட்கிழமை கடைசி நாள். பியூலாவிடம் கேட்கவேண்டும். ஒரு முறைதான். கேட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

6. ஜனவரியில் நான் போகாத இடம் ஒன்று நாசரேத்தில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை என்றுகூட எனக்குத் தெரியாது. அதைக் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் கேட்கவேண்டும். லீவு போடவேண்டும். கையில் டூல்ஸ் பை கொண்டுபோகக் கூடாது.

7. இன்று இரவு 7.15. சங்கீதம் 14. எடுத்துப் பார்த்தேன், ஏழு வசனம். ஒற்றைப்படை இப்போது நான். கடைசி வசனத்தில்தான் மகிழ்ச்சி வருகிறது, அது என் பக்கம் வந்து விழுகிறது. வாசிக்கவேண்டும். எதிர்வரிசையில் ஆள் இருக்கிறது.